முன்கூட்டியே எழுதிய நன்றி

போன வாரம் இந்தத் தொடரை ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரே ஒரு வார்த்தையோடு நிறுத்தியிருந்தேன். அதற்கு இவ்வளவு திட்டு விழும் என்று நினைக்கவில்லை. "பெற்ற வயிறு பற்றி எரியும்போது எந்த அம்மாவாவது அப்படிச் சொல்வாளா? உங்களுக்கு எழுத வேறு விஷயமே கிடைக்கவில்லையா?" என்று ஒரு வாசகி மூன்று பக்கம் எழுதியிருக்கிறார்.

சொல்வாள், தாயே. தும்மினால் அதைச் சொல்லி, தட்டு கை தவறி விழுந்தால் அதைச் சொல்லி, பஸ் கிடைத்தாலும் பஸ் போய்விட்டாலும் அதையே சொல்லி நாற்பது வருஷம் பழகிய வாய் அது. டாக்டரம்மா கதவைத் திறந்துகொண்டு வந்து, "குழந்தை வயித்துலயே போயிடுச்சும்மா, எங்களால ஒண்ணும் பண்ண முடியல" என்றதும், அந்த வாய் யாரையும் கேட்காமல் சொல்லிவிட்டது.

"ஸ்தோத்திரம்."

ஆண்டவருக்கு நன்றி என்று சொல்லும் சொல் அது. கதவு திறந்தபடி இருந்தது. உள்ளே படுத்திருந்த மகளின் காதில் அது தெளிவாக விழுந்தது. அன்று புதன்கிழமை. இன்று அதற்கடுத்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. இந்தப் பதினோரு நாளில் மகள் அம்மாவிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

புதிதாகப் படிக்க வந்தவர்கள் முழிக்க வேண்டாம். வீட்டில் இருப்பவர்கள் மூன்றே பேர்.

அம்மா ஒரு பெரிய ஓட்டலின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்பு மடிக்கிறவர். சபையில் அவருக்கு 'ஆரம்பக்கா' என்று பெயர். எந்தப் பாட்டானாலும் முதல் அடியை எடுத்துக்கொடுப்பது அவர்தான். எப்போதும் ஒரு கட்டை கூடுதலாகத்தான் எடுப்பார். மூன்றாவது அடிக்குள் ஆண்கள் பாதிப் பேர் தொண்டை கட்டி நின்றுவிடுவார்கள், அது வேறு கதை. நான்கு வருஷத்துக்கு முன் கணவரின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல், முழுப் பாட்டையும் பாடி முடித்தவர். "அப்படி ஒரு சாட்சிய நாங்க பார்த்ததில்ல" என்று சபையார் இன்றைக்கும் சொல்வார்கள். அவருக்கும் அதில் கொஞ்சம் பெருமை உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

மகள் கூரியர் கடையில் பார்சல் எடை போட்டு வாங்குகிறவள். மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிறவருக்கு வாய்த்த வீடு நான்காவது மாடியில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் இருக்கிறது. அவர் தலையெழுத்து அப்படி.

இந்தப் பதினோரு நாளும் வீட்டில் பேச்சு எப்படி நடந்தது என்று கேட்பீர்கள். நடுவில் தபால்காரர் வேலை மாப்பிள்ளைக்கு.

"அத்தை, அவளுக்கு ரொட்டி வேணாமாம்."

"ஏன் வேணாமாம்?"

மாப்பிள்ளை அறைக்குள் போவார், வருவார். "பசிக்கலையாம்."

"வெறும் வயித்துல மாத்திரை எப்படிப் போடுவாளாம்?"

மறுபடி உள்ளே. மறுபடி வெளியே. "மாத்திரைய அவ பாத்துக்கறாளாம். நீங்க போய்ப் படுப்பீங்களாம்."

இருப்பதே இரண்டு அறை. நடுச்சுவரில் ஆணி அடித்தால் அந்தப் பக்கம் மாட்டியிருக்கும் படம் விழும். இங்கே பேசுவது அங்கே அப்படியே கேட்கும். ஆனாலும் அந்த மனிதர் நடந்துகொண்டே இருந்தார். "லிஃப்ட்கூட ஒரு நாளைக்கு இத்தன தடவ போய்ட்டு வராது அத்தை" என்று ஒரு நாள் சொன்னார். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

மூன்றாம் நாள் மகளுக்குப் பால் கட்டிக்கொண்டது. குடிக்க ஆளில்லை என்ற செய்தி உடம்புக்குப் போய்ச் சேரவில்லை. வலியில் அவள் தலையணையைக் கடித்துக்கொள்வது சுவர் வழியாகக் கேட்டது. அம்மா குளிர்ந்த தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து, ஓட்டல் விரிப்பை மடிப்பதுபோல ஓரம் பிசகாமல் நான்காக மடித்து, மாப்பிள்ளை கையில் கொடுத்தார். அவர் உள்ளே கொண்டுபோனார். முனகல் அடங்கும்வரை அம்மா கதவுக்கு வெளியே நின்றார். உள்ளே போக அவருக்கு அனுமதி இல்லை.

ஒன்று யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியில் நாக்கில் வந்து விழுந்த அந்த வார்த்தை, அதற்குப் பிறகு அம்மாவுக்கு வரவே இல்லை. ஜெபம் பண்ண முழங்காலில் நிற்பார். "ஆண்டவரே" என்பார். ஜெபம் அதோடு நின்றுவிடும். போன ஞாயிற்றுக்கிழமை உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லி ஆராதனைக்குப் போகவில்லை. ஆரம்பக்கா வராத ஞாயிறு என்று அந்தச் சபையில் அதற்கு முன் ஒன்று இருந்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை.

இந்த ஞாயிறு போகாவிட்டால் போதகரே வீட்டுக்கு வந்துவிடுவார் என்று பயந்து, காலையில் அம்மா தலை சீவிக்கொண்டிருந்தார். அப்போது அறைக் கதவு திறந்தது.

மகள் வெளுத்த நீலத்தில் ஒரு தொளதொள உடுப்பு போட்டுக்கொண்டு நின்றாள். முகம் வற்றிப்போயிருந்தது. தலையை வாரி முடித்திருந்தாள்.

"ஏங்க, நானும் சபைக்கு வரேன்" என்றாள், புருஷனைப் பார்த்து.

மாப்பிள்ளை அத்தையைப் பார்த்தார். அத்தை சீப்பைப் பார்த்தார். "நாலு மாடி இறங்கணுமே" என்றார் மாப்பிள்ளை.

"இறங்கறேன். ஆராதனை முடிஞ்சதும் நீங்க என்னை அங்க கூட்டிட்டுப் போகணும்."

"எங்க?"

"பாப்பாவ வச்ச இடத்துக்கு."

மாப்பிள்ளை சட்டைப் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தார். "முதல்ல நீ நடக்க முடியுதான்னு பாக்கலாம்" என்றார்.

அடக்கத்துக்குப் போனது அவர் ஒருவர்தான். போதகர் அந்த வாரம் வெளியூரில் இருந்தார். அம்மாவால் மகளை விட்டு நகர முடியாது. மாப்பிள்ளை தனியாகப் போய், மூன்று மணி நேரம் கழித்து வந்து, "நல்ல இடம் அத்தை, மரத்தடி, நிழலா இருக்கு" என்று சொன்னார். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது?

படியில் மகள் ஒவ்வொரு தளத்திலும் நின்று மூச்சு வாங்கினாள். அம்மா மூன்று படி பின்னால் வந்தார். கை கொடுக்கப் போய், கையை இழுத்துக்கொண்டார். ஆனாலும் மனதுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் முளைத்துவிட்டது. வருகிறாளே. ஒரே வரிசையில் உட்காருவோமே. பாட்டுப் புத்தகம் ஒன்றுதானே இருக்கிறது, பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தானே ஆக வேண்டும்.

பஸ்ஸில் உட்கார்ந்து இரண்டு நிறுத்தம் தாண்டியதும் அந்தச் சந்தோஷம் அப்படியே செத்துப்போனது. இன்றைய தேதி ஞாபகம் வந்துவிட்டது.

இங்கே அந்தச் சபையின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வாசலில் ஒரு மரப்பெட்டி இருக்கும். ஆண்டவர் ஏதாவது நன்மை செய்தால் அதை ஒரு சீட்டில் எழுதி, எந்த ஞாயிறு வாசிக்க வேண்டும் என்று தேதி போட்டு, பெட்டியில் போட வேண்டும். நன்றிச் சீட்டு என்று பெயர். சபைச் செயலாளர் அதைப் பிரித்து வாசிப்பார். பேர் வாசிக்க மாட்டார், விஷயத்தை மட்டும். எழுதியவர் எழுந்து நிற்பார், ஆரம்பக்கா பாட்டெடுப்பார், சபை பாடும். எல்லோரும் நன்மை நடந்த பிறகு எழுதுவார்கள். அம்மா மட்டும் நடப்பதற்கு முன்பே எழுதிப் போட்டுவிடுவார். கேட்டால், "வாங்கின பிறகு நன்றி சொல்ல யாருக்கும் தெரியும், வாங்கறதுக்கு முன்னாடி சொல்றதுதான் விசுவாசம்" என்பார். மாப்பிள்ளையின் வேலை நிரந்தரமானதற்கு மூன்று மாதம் முன்னாலேயே நன்றி சொன்னவர். அது அப்படியே நடந்தது வேறு. பிறகு கேட்க வேண்டுமா?

ஒரு மாதத்துக்கு முன், டாக்டர் கொடுத்த தேதியைப் பார்த்து, அதற்கடுத்த ஞாயிற்றைப் போட்டு ஒரு சீட்டு எழுதினார். 'என் மகளுக்குச் சுகப்பிரசவம் ஆனதற்காகவும், தாயும் சேயும் நலமாக வீடு வந்ததற்காகவும்.'

அந்த ஞாயிறு இன்றுதான்.

சீட்டு வாசிக்கப்பட்டால் மகள் அங்கேயே உடைந்துபோவாள். அதற்குப் பிறகு பதினோரு நாள் என்ன, பதினோரு வருஷமானாலும் பேச மாட்டாள். முன் இருக்கையில் மகளின் தலை ஜன்னலில் சாய்ந்திருந்தது. இந்த டிரைவர் ஏன் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இப்படி ஆற அமர நிற்கிறான் என்று அம்மாவுக்கு ஆத்திரமாக வந்தது.

சபை கூடுவது ஒரு அச்சகத்தின் பின்னால் உள்ள நீளமான கூடத்தில். மை வாசனையும் பிளாஸ்டிக் நாற்காலிகளும். வாசலை எட்டியதும் மகள், "நீங்க போங்க, நான் கொஞ்சம் மூச்சு வாங்கிட்டு வரேன்" என்று புருஷனிடம் சொன்னாள். அம்மாவுக்கு அது வசதியாகப் போயிற்று. ஓடாத குறையாக உள்ளே போனார்.

செயலாளர் மேடைக்குப் பக்கத்து மேசையில் சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். ஊரார் கண்ணையெல்லாம் சரி பண்ணுகிறவர், தன் கண்ணாடியை மட்டும் மூக்கு நுனியில் கயிறு கட்டி வைத்திருப்பார்.

"தம்பி, என் சீட்டு ஒண்ணு இருக்கும். இன்னிய தேதி."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அடுக்கைப் பிரித்து, நடுவிலிருந்து ஒன்றை உருவினார். "உங்க கையெழுத்து தெரியாதாக்கா? நேத்தே பாத்தேன். எடுத்துத் தனியா வைக்கணும்னு நினைச்சேன், வேலையில மறந்தே போயிட்டேன். மன்னிச்சுக்குங்க."

அம்மா அதை வாங்கி நான்காக மடித்து வேதாகமத்துக்குள் செருகிக்கொண்டார். திரும்பி வந்தபோது மகள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் மாப்பிள்ளை. இன்னொரு பக்கத்து நாற்காலி காலி. அதில் யாரும் பையை வைக்கவில்லை. அம்மா தயங்கித் தயங்கி அதில் உட்கார்ந்தார். மகள் நகரவில்லை.

ஆராதனை தொடங்கியது. முதல் பாட்டை அம்மா எடுத்தார். எடுத்தார் என்று பேர்தான். குரல் தாழ்வாக வந்து பாதியில் தேய்ந்துபோக, போதகர் சமாளித்துக்கொண்டார். அந்த ஒரு நாள் ஆண்கள் எல்லோரும் கடைசி அடிவரை பாடினார்கள்.

பிறகு சீட்டு நேரம். காலையில் வாசல் பெட்டியில் விழுந்ததையும் எடுத்து அடுக்கின் அடியில் சேர்த்துக்கொண்டு செயலாளர் எழுந்தார்.

பரீட்சையில் தேறிய பையனுக்காக ஒன்று. தகப்பன் எழுந்தார், பாட்டு ஆயிற்று. தொலைந்த பாஸ்போர்ட் கிடைத்ததற்காக ஒன்று. அதுவும் ஆயிற்று. செயலாளர் கடைசிச் சீட்டை எடுத்தார்.

"ஒரு பெண் பிள்ளையைப் பெற்றெடுக்கக் கொடுத்ததற்காக..."

அம்மா பதறிப்போனார். இரண்டு எழுதினேனா? எப்போது எழுதினேன்? எழுதியிருப்பேன், என் புத்திக்கு எதுவும் செய்திருப்பேன். அவர் வேதாகமத்தைப் புரட்டினார். நான்காக மடித்த சீட்டு அதற்குள் இருந்தது. எழுந்து போய் அந்த ஆள் கையிலிருந்து பிடுங்கிவிடலாமா என்று பார்த்தார்.

செயலாளரும் தடுமாறினார். கண்ணாடியை மேலே தள்ளி, சீட்டைத் திருப்பிப் பார்த்தார். அது ஆரம்பக்கா கையெழுத்து இல்லை. நிறுத்துவதா வாசிப்பதா என்று அவருக்குத் தெரியவில்லை. வாசித்தார்.

"அவள் இருபது நிமிஷம் என் கையில் இருந்ததற்காக."

எல்லோருக்கும் விஷயம் தெரியும். பின் வரிசையில் காது கேட்காத பெரியவர் ஒருவர் மட்டும், வழக்கம்போல, "ஸ்தோத்திரம்" என்று உரக்கச் சொன்னார். பக்கத்தில் இருந்தவர் அவர் தொடையைத் தட்டினார்.

மகள் எழுந்து நின்றாள்.

வாசலில் மூச்சு வாங்க நின்றது இதற்குத்தான். இந்தப் பதினோரு நாளும் அறைக்குள் அவள் எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தது இதைத்தான்.

"சீட்டு போட்டா நிக்கணும், பேசக் கூடாது. எனக்குத் தெரியும்" என்றாள். குரல் மெல்லியதாகத்தான் இருந்தது, ஆனால் நடுங்கவில்லை. "கொஞ்சம் பேசிக்கறேன். அவள எடுத்துக்கிட்டதுக்கு நன்றி சொல்ல எனக்கு வரல. பொய்யா சொல்ல மாட்டேன். குடுத்ததுக்கு மட்டும் சொல்றேன். பாக்க வர்றவங்க எல்லாரும் ஆனது ஆச்சுங்கறீங்க. வயசு இருக்கு, அடுத்தது நல்லபடியா பொறக்கும்ங்கறீங்க. இவ பொறந்தான்னு ஒருத்தர்கூடச் சொல்லல. பொறந்தா. தல நெறைய முடி. எங்க அப்பா காது அவளுக்கு, அப்படியே. ரெண்டு கிலோ எழுநூத்தி இருபது. நர்ஸ் சொல்றதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன், எடை பாக்கறதுதானே எனக்கு வேலை. அந்த இருபது நிமிஷம் எனக்கு வேற எதுவும் வேணும்னு தோணல. அதுக்கு நான் ஆண்டவருக்கு நன்றி சொல்லணும். சொல்லலன்னா அவ வந்ததே இல்லன்னு ஆயிடும்."

புருஷனை ஒரு தரம் பார்த்தாள்.

"இன்னிக்கு அவள வச்ச இடத்துக்குப் போறேன். இவர் கூட்டிட்டுப் போவாரு. அவ்ளோதான்."

போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பழக்க தோஷத்தில் அவர் பார்வை ஆரம்பக்காவிடம் போயிற்று. சபையே திரும்பிப் பார்த்தது. எழுந்தவருக்காகப் பாட்டெடுக்க வேண்டும், அதுதான் முறை. அம்மா எழுந்தார். மூச்சை இழுத்தார். கணவரின் பெட்டிக்குப் பக்கத்தில் பாட முடிந்தவருக்கு இங்கே ஒரு அடி வராதா என்று அவரே தன்னை நெட்டித் தள்ளினார்.

"அம்மா."

பதினோரு நாளுக்குப் பிறகு வந்த முதல் வார்த்தை அது. மகள் அவர் பக்கம் திரும்பியிருந்தாள்.

"பாடாத."

அம்மா வாயைத் திறந்தபடியே நின்றார்.

"அப்பா பெட்டிகிட்ட நின்னு நீ பாடின. எல்லாரும் உன்னையே பாத்தாங்க. நீ அழாம நிக்கறப்ப நான் எப்படி அழுவேன்? பாத்ரூம்ல கொழாயத் திறந்துவிட்டுட்டு அழுதேன்மா. இப்பவும் அறைக்குள்ள தலகாணில வாய வச்சுத்தான் அழறேன். இன்னிக்கு ஒரு நாள் பாடாத. என்கூட அழு."

"அன்னிக்கு நான்... பயத்துல சொல்லிட்டேன்டி" என்றார் அம்மா. கூடம் முழுக்கக் கேட்டது, அவருக்கு அது உறைக்கவில்லை. "அத விட்டா எனக்கு வேற என்ன வார்த்த தெரியும்? சொல்லாம விட்டா ஆண்டவரும் என்னை விட்டுட்டுப் போயிடுவாரோன்னு பயம். நாலு வருஷமா அந்தப் பயந்தான். நீ கேட்டுட்டேன்னு தெரிஞ்சதும் நாக்கப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு."

அழுகை வந்தது. அழகாக அழத் தெரியாதவர் அவர்; பழக்கமே இல்லையே. மூக்கை உறிஞ்சி, விக்கி, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, கணவருக்கும் பேத்திக்கும் சேர்த்து அழுதார். மகள் அவர் தோளில் முகத்தை வைத்துச் சத்தம் போட்டு அழுதாள். பாட்டை யாரும் எடுக்கவில்லை. முன் வரிசையில் ஒரு பெண்பிள்ளை அழத் தொடங்க, அப்புறம் இன்னொருத்தி. போதகர் எதுவும் சொல்லாமல் மேடையிலிருந்து இறங்கி வந்து, கடைசி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அன்றைய பிரசங்கம் நடக்கவில்லை. நடக்காததைப் பற்றி யாரும் குறை சொல்லவும் இல்லை.

எவ்வளவு நேரம் ஆயிற்றோ. அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது மகளுக்கு அந்தப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

"இவர் எங்க?" என்றாள் மகள்.

"நீ தண்ணி குடி, நான் பாக்கறேன்."

செயலாளர் டம்ளரோடு வந்து நின்றார். அம்மா வெளியே வந்தார்.

மாப்பிள்ளை அச்சகத்தின் பக்கவாட்டில், காகிதக் கட்டுகள் இறக்கும் மேடையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு அறைக்கும் நடுவில் நடந்து நடந்து பதில் கொண்டுவந்த மனிதர் இப்போது காலைத் தொங்கவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் ஒரு மடித்த தாள்.

"என்ன மாப்ள, இங்க வந்து உக்காந்துட்டீங்க? அவ தேடறா. பேசிட்டா மாப்ள, என்கிட்ட பேசிட்டா."

"கேட்டேன் அத்தை."

"அவ கேக்கற இடத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வந்துடுவோம். நானும் வரேன். எந்தப் பஸ்?"

அவர் தாளை நீட்டினார். ஆஸ்பத்திரி முத்திரை. கீழே அவர் கையெழுத்து. நடுவில் ஆறு இலக்கத்தில் ஒரு எண். அதைத் தவிர அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"எனக்குத் தெரியாது அத்தை."

"என்னது தெரியாது?"

"இடம்." அவர் முகத்தை நிமிர்த்தவில்லை. "அன்னிக்கு ஒருத்தர் வந்து, நீங்க எடுத்துட்டுப் போறீங்களா, நாங்களே பாத்துக்கட்டுமான்னு கேட்டாரு. பொட்டிய என் கையில குடுத்தாங்க. பிடிக்க முடியல அத்தை. எவ்ளோ பாரம் தூக்கறவன் நான், அத என்னால தூக்க முடியல. நீங்களே பாத்துக்குங்கன்னு கையெழுத்துப் போட்டுட்டேன். எங்க வைப்பீங்கன்னுகூடக் கேக்கல. மூணு மணி நேரம் பஸ் ஸ்டாப்ல உக்காந்திருந்தேன். அப்புறம் உங்ககிட்ட வந்து மரத்தடின்னு சொன்னேன். எந்த மரமும் இல்ல அத்தை."

அம்மாவுக்குக் கோபம் வந்தது. அடிக்கக் கை ஓங்கலாம் போல வந்தது. அடுத்த நிமிஷம் அந்தக் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தது பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தகப்பன், பதினோரு நாளாக அவரைப் பார்த்து ஒருவரும் எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. அம்மாவுமே கேட்கவில்லை.

இன்னொரு நாளாக இருந்தால் ஆரம்பக்கா வாயில் உடனே ஒன்று வந்திருக்கும். எல்லாம் நன்மைக்கே என்று ஏதாவது சொல்லியிருப்பார். இப்போது வரவில்லை. வரவழைக்கவும் அவருக்கு மனமில்லை. மேடையில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். வேலையில் தோலுரிந்திருந்த அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்கு என்ன சொல்லட்டும், நீரே சொல்லும் என்று உள்ளுக்குள் கேட்டார். பதினோரு நாளில் 'ஆண்டவரே' என்பதற்கு மேல் அவர் ஜெபம் போனது அப்போதுதான்.

"அவகிட்ட நான் என்ன அத்தை சொல்லுவேன்?"

அம்மா பதில் சொல்வதற்குள் செருப்புச் சத்தம் கேட்டது. இருவரும் திரும்பினார்கள்.

மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்தாள். மேடைக் குடுவையில் இருந்த வெள்ளைப் பூக்களை யாரோ எடுத்துக் கொடுத்திருந்தார்கள். காம்பிலிருந்து தண்ணீர் சொட்டி அவள் உடுப்பை நனைத்துக்கொண்டிருந்தது. அழுது வீங்கிய முகம். ஆனால் கண் தெளிந்திருந்தது. அம்மாவும் புருஷனும் கை பிடித்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அந்த முகத்தில் லேசாக ஒரு சிரிப்புகூட வந்தது.

"போலாமா?" என்றாள்.